கன்னத்தில் ஒரு பாக்கு

எழுத்தைப் பார்த்தால் பச்சைமுத்துவின் உதடு தானாக அசைந்துவிடும். அன்று மத்தியானம் அது அசையவே கூடாது. அதற்காகத்தான் ஒரு கொட்டைப்பாக்கை இடது கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டு, பெங்களூரு பொம்மசந்திரா தொழிற்சாலையின் மாடி அறைக்குப் படியேறினார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்தத் தொல்லை இல்லை. முப்பது வருஷம் மூட்டை தூக்கிய மனுஷன், ஐம்பத்துநாலாம் வயதில், அனந்தலக்ஷ்மி டீச்சர் ஞாயிற்றுக்கிழமைகளில் நடத்தும் வகுப்பில் போய் உட்கார்ந்து தமிழ் எழுத்துக் கற்றுக்கொண்டார். அதிலிருந்து சிமெண்டு மூட்டை, கல்யாணப் போஸ்டர், தீப்பெட்டி என்று கண்ணில் பட்டதையெல்லாம் உதட்டால் ஒருமுறை மென்று பார்க்காமல் விடுவதில்லை. உதட்டை மூடிக்கொண்டு படியுங்கள் என்று சொல்லிச் சொல்லி டீச்சரே ஓய்ந்துபோனார்.

விஷயம் இதுதான். செல்போனிலேயே உடம்பைக் கவனித்துக்கொள்ள ஒரு கம்பெனி ஆப் செய்திருந்தது. அதைச் சாதாரண ஜனங்கள் சுலபமாகக் கையாள முடிகிறதா என்று பார்க்க, தொழிற்சாலை ஆட்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். உட்கார்ந்து முடித்தவருக்கு ஒரு சீட்டு. ஹொசூர் ரோட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் அந்தச் சீட்டுக்கு, வீட்டில் ஒருவருக்கு அன்றைக்கே ஸ்கேன்.

அவர் மனைவி லட்சுமம்மாவுக்கு நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. பெரிய ஆஸ்பத்திரியில் இதய ஸ்கேனுக்கு மூன்று மாதம் தள்ளித் தேதி கொடுத்திருந்தார்கள். அவ்வளவு நாள் தள்ளிப்போடுவது நல்லதில்லை என்று டாக்டர் பச்சைமுத்துவிடம் மட்டும் தனியாகச் சொன்னார். அதை அவர் வீட்டில் சொல்லவில்லை.

மத்தியானப் பட்டியலில் பெயர் இருக்கிறது, போய்விட்டு வா என்று சூப்பர்வைசர் கிளெமென்ட் சொன்னதும், லட்சுமம்மாவை அந்த ஆஸ்பத்திரியில் நாலு மணி ஸ்கேனுக்குப் பெயர் கொடுத்துவிட்டு உட்காரச் சொல்லி போன் போட்டுவிட்டார். அதற்கப்புறம்தான் காலையில் போய்வந்த சக தொழிலாளி மஞ்சுநாத் தலையில் கல்லைப் போட்டான்.

"எழுத்தே தெரியாத ஆளுதான் வேணுமாம்ண்ணா. நம்மகூட வந்த வீணா சும்மா இல்லாம ஒரு வரி படிச்சுக் காட்டுனா. சாரி சொல்லி அனுப்பிட்டாங்க. நீ ஒண்ணும் தெரியாத மாதிரி இரு. கேட்டதுக்கெல்லாம் ஆமான்னு சொல்லு."

கடையில் பாக்கு வாங்கியது அப்போதுதான்.

மாடி அறையில் நிருபமா என்றொரு பெண் இருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். மல்லேஸ்வரத்துப் படித்த வீட்டுத் தமிழ். கையில் பெயர் எழுதிய தாள். நாற்காலியை அவளே இழுத்துப் போட்டு, போனை நீட்டினாள்.

"டென்ஷன் ஆகாதீங்க அங்கிள். பரீட்சை உங்களுக்கு இல்ல, ஆப்புக்குத்தான். ஒண்ணே ஒண்ணு. மனசுல என்ன ஓடுதோ அத அப்படியே வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே பண்ணணும்."

பச்சைமுத்து பாக்கை நாக்கால் இன்னும் உள்ளே ஒதுக்கினார். அவர் மனசில் ஓடியதை வாய்விட்டுச் சொன்னால் அடுத்த நிமிஷம் வாசலுக்கு வெளியேதான் நிற்க வேண்டும்.

ரத்த அழுத்தத்தை எங்கே பதிவு செய்வது என்று கண்டுபிடிக்கச் சொன்னாள். திரையில் நாலு கட்டம். இரண்டாவது கட்டத்தில் 'ரத்த அழுத்தம்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அந்த 'ழு' அவரை ஒரு மாதம் பாடாய்ப் படுத்திய எழுத்து. இப்போது சொந்தக்காரனைப் போல அவரைப் பார்த்து நின்றது. பார்க்காதே என்று கண்ணுக்குச் சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. உதடு துடித்தது. பாக்கை அழுத்திக் கடித்துக்கொண்டு, வேண்டுமென்றே நாலாவது கட்டத்தைத் தொட்டார்.

அது கர்ப்பிணிகளுக்கானது. 'உங்களுக்கு இது எத்தனையாவது மாதம்?' என்று ஆப் அவரைக் கேட்டது.

வந்த சிரிப்பை அவர் அடக்கிய அடக்கில் முகம் ஒருபக்கமாகக் கோணிக்கொண்டது. நிருபமா அதைப் பார்த்தாள். கையிலிருந்த தாளைப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள்.

"என்ன எழுதியிருக்குன்னு தெரியுதா அங்கிள்?"

"தெழியலம்மா." பாக்கு நாக்கில் இடித்தது.

அவள் எழுத்தைப் பெரிதாக்கினாள். தெரியவில்லை என்றார். இன்னும் பெரிதாக்கினாள். கடைசியில் திரை முழுக்க ஒரே ஒரு 'அ' வந்து உட்கார்ந்தது.

"இதுகூடவா தெரியல?"

டீச்சர் கையைப் பிடித்து எழுதவைத்த முதல் எழுத்து. அதைப் பார்த்து உன்னைத் தெரியாது என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. லட்சுமம்மாவை நினைத்துக்கொண்டு சொல்லிவிட்டார்.

"காலைல இருந்தே இப்படித்தானா?"

இது என்ன கேள்வி என்று அவருக்கு விளங்கவில்லை. மஞ்சுநாத் சொன்னது ஞாபகம் வந்தது.

"ஆமாம்மா. காலைல இருந்தே."

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். தலை சுற்றுகிறதா, கை மரத்துப்போகிறதா, பேச்சு குழறுகிறதா என்று வரிசையாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டார். சிரித்துக் காட்டச் சொன்னாள். இடது கன்னத்தில் பாக்கு இருந்ததால் வலது பக்கம் மட்டும் சிரித்தது. இரண்டு கையையும் மேலே தூக்கச் சொன்னாள். முப்பது வருஷ மூட்டையில் இடது தோள் என்றைக்கோ இறுகிப்போயிருந்தது. வலது கை கூரையைப் பார்க்கப் போனது. இடது கை பாதியில் நின்றது.

"சிவனே" என்றாள் அவள், மெதுவாக.

அந்த ஆப்பிலேயே ஆம்புலன்ஸைக் கூப்பிடப் பார்த்தாள். அது அவளுடைய பிறந்த தேதி கேட்டது. ரத்த வகை கேட்டது. ஆறு எண் அனுப்பியிருப்பதாகச் சொல்லி, அதை அடிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்றது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்றது. அவள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். பச்சைமுத்து எட்டிப் பார்த்தார். அடியில், மூலையில், எறும்பு சைஸில் 'அவசர ஊர்தி' என்று இருந்தது. இதோ இருக்கிறதே அம்மா என்று நாக்கின் நுனி வரை வந்ததை, பாக்கோடு சேர்த்து உள்ளே தள்ளினார். வேறு யாரையோ காப்பாற்றத்தான் இந்தப் பெண் இப்படித் தவிக்கிறாள் என்று பாவமாக இருந்தது.

கடைசியில் அவள் சாதாரணமாக போன் போட்டு, 'ஸ்ட்ரோக்' என்று இங்கிலீஷில் ஏதோ சொன்ன பிறகுதான் வண்டி வந்தது. இரண்டு பேர் வந்து ஸ்ட்ரெச்சரில் அவரையே தூக்கிப் படுக்கவைத்து வார் கட்டியபோது பச்சைமுத்துவுக்குப் பயம் வந்தது.

"சீட்டு உண்டுல்லம்மா?"

"எல்லாம் உண்டு அங்கிள். பேசாதீங்க." அவளும் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில், பூப்போட்ட சேலையில், பையை மடியில் வைத்துக்கொண்டு லட்சுமம்மா உட்கார்ந்திருந்தாள். புருஷன் படுத்துக்கொண்டு வருவதைப் பார்த்து எழுந்தாள். எழுந்த வேகத்தில் மூச்சு முட்டியது.

"ஸ்கேனு எனக்குன்னு சொன்னே. நீ இன்னாய்யா மல்லாந்துக்குனு வர்றே?"

பதில் சொல்ல அவருக்கு நேரம் தரவில்லை. ஸ்கேன் அறை வாசலில் சோஃபியா என்ற நர்ஸ் தாள்களோடு காத்திருந்தாள். லட்சுமம்மா பெயரில் இருந்த நாலு மணியை இவர் பெயருக்கு மாற்றியாகிவிட்டது என்றாள். ஒரு சீட்டுக்கு ஒரு ஸ்கேன்தான். அம்மாவுக்கு வேறு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

சுவர்க் கடிகாரத்தில் நாலு அடிக்க இரண்டு நிமிஷம். லட்சுமம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். ஸ்ட்ரெச்சரின் சக்கரம் உருண்டது.

"நிறுத்துங்கம்மா."

பச்சைமுத்து பாக்கை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். கதவுக்கு மேலிருந்த பலகையில் கன்னடத்துக்குக் கீழே இருந்த தமிழைப் பார்த்து, உதடு நன்றாக அசைய, ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் எழுந்து நிற்பவரைப் போலச் சத்தமாகப் படித்தார்.

"உள்ளே செல்லுமுன்... காலணி, நகை, கைப்பேசி... ஆகியவற்றைக் கழற்றி... வெளியே வைக்கவும்."

நிருபமா பாக்கைப் பார்த்தாள். அவர் வாயைப் பார்த்தாள். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றார் பச்சைமுத்து. தோள் மூட்டை தூக்கியதில் போனது, கோணல் பாக்கால் வந்தது என்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். பாக்கை நீட்டிக் காட்டினார். "மூணு வருஷமா எனக்குப் படிக்கத் தெரியும். தெரிஞ்சவன்னா திருப்பி அனுப்பிருவீங்கன்னுதான் மறைச்சேன். என் பேர அடிச்சுக்கோங்க. அவளுக்கு மட்டும் அந்த ஸ்கேன எடுத்துருங்க."

சோஃபியா லட்சுமம்மாவின் கையைப் பிடித்து ஸ்கேன் அறைக்குள் அனுப்பிவிட்டு வந்தாள். நிருபமா பெஞ்சிலிருந்து எழுந்து, தன் கையிலிருந்த பெயர்ப் பட்டியலை எடுத்து, அதன் தலைப்பைப் பச்சைமுத்துவே படிக்கட்டும் என்று அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"எழுத்துத் தெரியாதவங்க காலைலயே முடிஞ்சிட்டாங்க அங்கிள். மத்தியானம் வரச் சொன்னது, அனந்தலக்ஷ்மி டீச்சர்கிட்ட வயசான பிறகு படிச்சவங்கள மட்டும்தான்."