பெல்ட் நிற்கக் கூடாது

சோப்புப் பெட்டிகளைச் சுவர்த் துளை வழியாக லோடிங் அறைக்குச் சுமந்து போய்க்கொண்டிருந்த பெல்ட் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. சூப்பர்வைசர் ஓடி வந்தார்.

வேறு நாள் கிடைக்கவில்லையா இதற்கு? முதலாளி வந்திருந்தார். கோட்டும் நீளமான டையுமாக இந்த ஹாலைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, மிச்சத்தைத் தனியாகவே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிச் சற்று முன்புதான் வெளியேறியிருந்தார்.

மேனேஜர் உலகத்தில் பயப்படுவது ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லுக்குத்தான். ஸ்டேண்ட்ஸ்டில். பெல்ட் மெதுவாகப் போனால் மன்னிப்பார். விட்டு விட்டுப் போனால் திட்டுவார். இம்மியும் அசையாமல் நின்றால்தான் அந்தச் சொல்லை எடுப்பார். இன்னொரு தடவை அதை எடுக்க வைத்தால் குடோனுக்கு மாற்றம் என்று சூப்பர்வைசரிடம் சொல்லியிருந்தார். குடோன் ஆட்களுக்குக் கம்பெனி வீடு கிடையாது. மனைவி நேற்றுத்தான் அந்த வீட்டு ஜன்னல்களுக்குப் புதுத் திரை தைத்து மாட்டியிருந்தாள்.

எலெக்ட்ரீஷியன் மோட்டாரைத் தட்டிப் பார்த்தார். இதில் கோளாறு இல்லை, சுவருக்கு அந்தப் பக்கம் லோடிங் அறையில் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார்.

"நீங்க சுத்திட்டு வர்றதுக்குள்ள என் கதை முடிஞ்சிடும். நகர்ந்துகிட்டே இருந்தா அது ஸ்டேண்ட்ஸ்டில் இல்ல. எல்லாரும் அடியில திரும்பி வர்ற பெல்ட்டைப் பிடிச்சு இழுங்க" என்றார் சூப்பர்வைசர்.

"இழுத்தா வர்றதுக்கு இது என்ன கொடிக்கயிறா சார்?" என்றாள் பேக்கிங் அக்கா. ஆனாலும் முந்தானையைச் செருகிக்கொண்டு இழுத்தாள்.

பெல்ட் ஒரு சாண் வந்தது. பிறகு எதுவோ பிடித்துக்கொண்டது. சுவருக்கு அப்பால் தகரத்தை அறையும் சத்தம்.

பெட்டி வரவில்லை என்று லோடிங் ஆட்களுக்கு அவசரம் போலும். சூப்பர்வைசர் லேபிள் பிரிவையும் கூப்பிட்டார். இன்னும் அரைச் சாண். இப்போது கத்தலும் கேட்டது.

"அந்தப் பக்கம் யாரோ கத்துறாங்க சார்" என்றாள் அக்கா.

"கத்தத்தான் செய்வாங்க. லாரி நிக்குதில்ல? கயித்தைக் கட்டுங்க."

கயிறு கட்டினார்கள். எலெக்ட்ரீஷியனும் மோட்டாரை விட்டுவிட்டு வந்து சேர்ந்துகொண்டார். மூச்சைப் பிடித்து, ஒரே தம்மில் இழுத்தார்கள்.

சட்டென்று பிடி விட்டது. பெல்ட் வழுக்கிக்கொண்டு வந்தது. இழுத்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். பெட்டிகள் வரிசையாகச் சுவர்த் துளைக்குள் நுழைந்தன. கத்தலும் நின்றுவிட்டது.

சூப்பர்வைசர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருடைய பெல்ட் நிற்கவில்லை. திரைகள் ஜன்னலிலேயே இருக்கும்.

கதவைத் தள்ளிக்கொண்டு வாட்ச்மேன் வந்தார். கையில் கத்திரிக்கோல்.

"ஐயா, முதலாளி டை உருளையில மாட்டி, அவரே செகப்பு பட்டனை அமுக்கி பெல்ட்டை நிறுத்தினாராம், டையை வெட்டி ஆளை எடுத்தாச்சு, நிறுத்தின பெல்ட்டை விடாம இழுத்தது யாருன்னு பேரு மட்டும் கேட்டுட்டு வரச் சொன்னாரு."