கிணற்றுக்கு ஓர் ஆங்கிலப் பாட்டு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறாம் ஆண்டு, ஆடி மாதம், காலை மணி பத்தேகால். தணிகை மலைமீது மேகம் கவிந்திருந்தது, பெய்வதாக உத்தேசமில்லை. ஆடிக்காற்று தெருப் புழுதியை வாரி, பஞ்சாயத்து போர்டு ஆபீஸ் வாசலில் நின்ற கெங்கம்மாளின் கண்ணில் கொட்டியது.

மலையடிவாரத்தில் இட்லிக்கடை நடத்துபவள் அவள். தெருக்கிணற்றின் ராட்டினம், தாங்கிய கட்டையோடு ஒடிந்து உள்ளே விழுந்துவிட்டது; தண்ணீர் இறைக்க வழியில்லை. நாளை மறுநாள் ஆடிக் கிருத்திகை, மலைக்குக் கூட்டம் கூட்டமாகக் காவடி வரும். ஆண்டு முழுவதற்குமான பிழைப்பு அந்தக் கூட்டத்தை நம்பித்தான்.

குமாஸ்தா கஜபதி வழிமறித்தான். "தமிழ்ல சொல்லக்கூடாதுக்கா. ஆபீசர் உத்தரவு."

"எனக்கு இங்கிலீஷ் எங்கடா நைனா வரும்?"

"அதுக்குத்தான் பாட்டு கீதே!"

உத்தரவு கருணை மிக்கது. அன்றாட ஆங்கிலச் சொற்களைப் பொதுமக்கள் துன்பமின்றிப் பயிலும்பொருட்டு, அதிகாரி சாமிநாதன் உதாரண வாக்கியங்களைக் கோத்து ஒரு பாட்டு இயற்றியிருந்தார். அந்த வாக்கியங்களால் மட்டுமே முறையிடலாம். பாட்டில் இல்லாத குறை, ஊரில் இல்லாத குறை. மெட்டமைத்தவன் கஜபதி, அவனுக்குத் தெரிந்தது காவடி மெட்டு ஒன்றுதான்.

"கிணத்துக்கு இன்னா வரி?"

"'தி வெல் ஈஸ் டீப்', கிணறு ஆழமா கீது. 'தி வாட்டர் ஈஸ் ஸ்வீட்', தண்ணி தித்திப்பா கீது."

"ஒடிஞ்சு போச்சுன்றதுக்கு?"

"ஒடையறது எதுவும் பாட்டுல இல்லக்கா. ஐயாவுக்கு எல்லாம் மங்களகரமா இருக்கணும். நீ வாயில பாட்டை வெச்சிக்கோ, குறைய மொகத்துல காட்டு."

கெங்கம்மாள் உள்ளே சென்று, கண்ணீர் வழியப் பாடத் தொடங்கினாள். அவ்வேளை தெருவில் வந்துகொண்டிருந்த காவடிக் கூட்டம், மெட்டைக் கேட்டு, இது ஏதோ மண்டபம் என்று உள்ளே நுழைந்துவிட்டது.

"தி வெல் ஈஸ் டீப்!"

"அரோகரா!"

"தி வாட்டர் ஈஸ் ஸ்வீட்!"

"அரோகரா!"

கூட்டத்தில் ஒருவர் அதிகாரியின் மேசைமேல் கற்பூரம் ஏற்றினார். சாமிநாதன் எழுந்து நின்று கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"கஜபதி, எழுதிக்கொள். கிணறு ஆழமானது, நீர் இனியது என்று பொதுமக்கள் ஏகமனதாகத் தெரிவித்தார்கள்."

"ஐயா, ராட்டினம்..."

"தமிழ் பேசி உச்சரிப்பைக் கெடுத்துக்கொள்ளாதே அம்மா! இந்த ஜில்லாவிலேயே இவ்வளவு உருக்கமாக ஆங்கிலம் பேசியவர் கிடையாது."

அங்கேயே நற்சான்றிதழ் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார். கெங்கம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஸ்வீட்டுன்னு இழுத்தேனே, அது சரியா வந்துச்சுங்களா?" என்று கேட்டாள்.

மறுநாள் காலை சாமிநாதன், ஊர் மக்களின் மனநிறைவை மேலிடத்துக்குத் தெரிவித்து, இரண்டாம் பாட்டுக்கு அனுமதி கோரினார். கஜபதி, கெங்கம்மாள் பாடிய இரு வரிகளையும் கிணற்றுச் சுவரில் எழுதினான். காவடிக்காரர்கள் அவற்றையும் சேர்த்துப் பாடிக்கொண்டே மலையேறினார்கள். கெங்கம்மாள் அடுப்பு மூட்டவில்லை. மூட்டினாலும் இட்லிப் பானையில் ஊற்றத் தண்ணீர் இல்லை. கடைவாசலில் பாய் விரித்து, முறையிட விரும்புவோருக்கு ஆங்கிலம் போதிக்க உட்கார்ந்தாள்.

முதலில் வந்தவள் பக்கத்துத் தெரு ஜெயம்மாள். அவள் தெருவில் விளக்கு எரிவதே இல்லை.

"'தி லாம்ப் ஈஸ் பிரைட்'" என்று தொடங்கினாள் கெங்கம்மாள். "வெளக்கு பளிச்சுனு எரியுதுன்னு அர்த்தம். அழுதுகினே பாடு ஜெயம்மா; அப்பத்தான் சர்ட்டிபிகேட் குடுப்பாங்க."