மூன்றாம் குற்றமும் சொந்த மரத்து அத்தியும்

மார்செய் நகரில் வாழும் மதிப்புக்குரிய அண்ணன் அக்லி அவர்களுக்கு, ஜுர்ஜுரா மலையிலிருந்து தம்பி பெலாய்த் பணிவோடு எழுதுவது. இங்கே நானும் கழுதையும் நலம். உங்கள் முழங்காலுக்கு இறைவன் அருளட்டும். உங்கள் மகன் மெசியானும் உடம்பளவில் நலம்தான். மற்றதை உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

ஊர்ச்சபை நாள் குறிக்கும்வரை அத்திப்பழத்தில், சொந்த மரமே ஆனாலும், யாரும் கை வைக்கக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியாததா. உங்கள் பிள்ளை வைத்தான். பள்ளத்தாக்குக்கு அப்பால் இருக்கிற, அவனுக்கு நிச்சயித்த பெண்ணுக்கு அத்தி என்றால் உயிராம். முதல் தடவை அபராதத்தைச் சிரித்துக்கொண்டே கட்டினான். அந்தப் பணத்தில்தானே மாடு வாங்கி ஊருக்கு இறைச்சி பங்கு வைக்கிறோம், ஆகவே ஆளாளுக்கு அவன் தோளில் தட்டினார்கள், கசாப்புக்காரர் "மாட்டுக்கு இன்னும் கொஞ்சம் குறையுது தம்பி, பார்த்துச் செய்" என்றார், பக்கத்து வீட்டுக்காரர் நம் மரத்தில் ஏணியே சாத்தி வைத்தார். அந்த ஏணியில் ஏறித்தான் இரண்டாம் குற்றம். அபராதம் இரட்டிப்பு, பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினான். இப்படித் தண்டித்தால் எவன் திருந்துவான், நீங்களே சொல்லுங்கள்.

மூன்றாம் தடவைக்கோ அபராதமே இல்லை, ஊர்விலக்கு. ஒருவரும் பேச மாட்டார்கள், கல்யாணத்துக்கு ஈ காக்கை வராது, பெண்வீட்டார் அன்றே முறித்துக்கொள்வார்கள். இதைச் சொல்லிப் பயமுறுத்தினால் பையன் பெரிய கூடையாகத் தேடுகிறான். "ஒரு பழம் பறிச்சாலும் விலக்குதான், மரத்தையே உலுக்கினாலும் விலக்குதான் சித்தப்பா. நனைஞ்சப்புறம் முக்காடு எதுக்கு?"

ஆகவே நானே சபையில் எழுந்தேன் அண்ணா. "தண்டனை பெருசுன்னு எவனும் பயப்படல. மாட்டிக்குவோம்னு தெரிஞ்சாத்தான் பயம். திரும்பி வர ஒரு வழியும் வேணும். இவனையே காவலுக்குப் போடுங்க, நாள் குறிக்கறவரைக்கும் ஒழுங்கா இருந்தா பழைய ரெண்டு குத்தத்தையும் அழிச்சிடுங்க" என்றேன்.

"திருடன் கையில சாவியா, பெலாய்த்?" என்றார் தலைவர்.

"எந்தக் கிளை எப்பப் பழுக்கும்னு வேற யாருக்குங்க தெரியும்?"

சபை சிரித்தது, சிரித்தபடியே ஒப்புக்கொண்டது. இப்போது மெசியான் கழுத்தில் ஊதல் தொங்குகிறது. ஒரு பழம் குறையவில்லை. பெண்ணின் அப்பா வந்து, "காவல்காரர் எங்கே?" என்று அவனை மரியாதையாக விசாரித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தி பறித்த மறுவாரம் கல்யாணம், அண்ணியோடு வந்துசேருங்கள். இனி நம் வீட்டில் ஒருவரும் அபராதம் கட்ட மாட்டோம், இது என் வாக்கு.

உங்கள் அடுப்பு அணையாமல் எரியட்டும்.

அன்புத் தம்பி,
பெலாய்த்

பி.கு.: உறையை ஒட்டுமுன் காற்று வாங்க நம் மரத்தடிக்குப் போனேன். நம் வீட்டுப் பையன்தானே, பார்த்தாலும் பாராமல் போவான் என்று நினைத்துவிட்டேன்.

"அது என்ன சித்தப்பா?"

"காத்துல விழுந்துச்சுப்பா."

"வாய்க்குள்ளயா?"

ஊதலை ஊதிவிட்டான், ஊரே கூடிவிட்டது. அபராதம் கட்டினேன். "பயப்படாதீங்க, ரெண்டாவதுலதான் வலிக்கும்" என்று ஆறுதலும் சொன்னான். மாட்டுக்கு இன்னும் கொஞ்சம் குறைகிறதாம். இன்று காலை கதவைத் திறந்தால், பக்கத்து வீட்டுக்காரர் நம் மரத்தில் மறுபடியும் ஏணியைச் சாத்தி வைத்திருக்கிறார்.