ஆவுடையம்மாள் கல்

பாகீரதியின் வீட்டு முன் சுவரில் யாரோ சுண்ணாம்பால் பெரிய பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

"ரோட்டை அகலப்படுத்தப் போறா. நம்ம முன் ரூம் போச்சு" என்றார் அவள் கணவர் பட்டாபி. தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. சர்க்கார் காரியம் எதுவும் தனக்குத் தெரியாமல் நடக்காது என்பது அவர் எண்ணம்.

பாகீரதி முன் அறையை எட்டிப் பார்த்தாள். தை மாதம் மகள் சாவித்ரி பிரசவத்துக்கு வருகிறாள். அந்த அறையை விட்டால் அவளுக்குக் கட்டில் போட வேறு இடமில்லை.

எதிர்வீட்டுச் சுவரில் குறி இல்லை. "எங்காத்துல ஒண்ணும் போடலை, கேட்டேளா?" என்று வடிவாம்பாள் தினமும் வந்து வருத்தப்பட்டுவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பட்டாபி கிணற்றடியில் கிடந்த துவைக்கிற கல்லைப் பெயர்த்தார்.

"ஏன்னா, என்ன பண்றேள்?"

"பழைய ஸ்மாரகம், நினைவுக்கல்லு, இருக்கிற இடத்தை சர்க்கார் தொடாதுடீ."

மாட்டுக்கொட்டகையின் இரண்டு கல் தூண்களை வாசலில் நட்டு, அதன்மேல் துவைகல்லைக் கிடத்தினார். சுமைதாங்கி தயார். மோரும் சாணியும் கரைத்துப் பூசியதில் ஒரே வாரத்தில் அதற்கு இருநூறு வயது ஏறியது. தோண்டும்போது கிடைத்தது என்று தெருவில் சொன்னார்.

"நான் துணியை எங்கே துவைக்கறது?"

"ஆத்துல. கரமனை ஆறு எதுக்கு ஓடறது?"

ஓவர்சியர் வந்தார். கல்லைத் தட்டிப் பார்த்தார். "சுமைதாங்கி சூலியா செத்த பொம்பளை ஓர்மைக்கு வைக்கிறதாச்சே. இது ஆரு ஓர்மைக்கு சாமி?"

பட்டாபி தோள் துண்டைச் சரி செய்துகொண்டார். "எங்க கொள்ளுத் தாத்தாவோட தங்கை. ஆவுடையம்மாள்."

ஓவர்சியர் போனதும் பாகீரதி வெடித்தாள். "பொண்ணு பிள்ளைத்தாச்சியா வரப்போற வாசல்ல, பிள்ளைத்தாச்சியாச் செத்தவளைக் கொண்டு வந்து நிறுத்தியிருக்கேளே! வேற சாவே கிடைக்கலையா?"

"இல்லாத பொம்பளைதானேடீ."

இல்லாத பொம்பளைக்கு அன்று மாலையே வடிவாம்பாள் விளக்கு வைத்தாள். மறுநாள் ஆரியசாலைக் கடைத்தெருவிலிருந்து அரிசி மூட்டை சுமந்து வந்தவர்கள் கல்லில் சுமையை இறக்கிவிட்டுத் தண்ணீர் கேட்டார்கள். வெள்ளிக்கிழமை கர்ப்பிணிகள் வரத் தொடங்கினார்கள். பாகீரதியின் மோர்ப்பானை விடிந்ததும் காலியாயிற்று. ஈரத்துணிக் கூடையுடன் ஆற்றிலிருந்து திரும்பினால், சொந்த வீட்டுக்குள் போக வரிசையில் நிற்கச் சொன்னார்கள்.

ஒருநாள் அவளுக்குப் பொறுக்கவில்லை. வாசலில் நின்று கத்தினாள். "ஆவுடையம்மாளுக்குக் கூட்டம் பிடிக்காது! மகா கோபக்காரி! கிட்ட வந்தா சும்மா விடமாட்டா!"

முன்வரிசை இரண்டடி பின்வாங்கியது. பிறகு, "அம்மாவே வந்து பேசறா!" என்று வடிவாம்பாள் பாகீரதியின் காலில் விழுந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை தூணில் மரத்தொட்டில்கள் தொங்கின. தெரு முனை வரை கூட்டம் நின்றது.

"இனி யார் நம்மைத் தொட முடியும்?" என்றார் பட்டாபி.

திங்கட்கிழமை ஓவர்சியர் மறுபடியும் வந்தார். கல்லைப் பார்த்துக் கும்பிட்டார். பட்டாபி பாகீரதியைப் பெருமையாகப் பார்த்தார். அதற்குள், அவருடன் வந்த, அளவுச் சங்கிலி பிடிக்கும் தங்கையன் நேராக முன் அறைக்குள் நுழைந்து, சாவித்ரிக்குக் கட்டில் போடவிருந்த மூலையில் ஓர் அளவு முளையை வைத்தான்.

"ஏய், அங்கே என்ன அளக்கறே? கல்லு வாசல்லன்னா இருக்கு!" பாகீரதி ஓடினாள். "ஸ்மாரகம் இருந்தா குறி போட்ட சுவரை இடிக்க மாட்டேள்தானே?"

தங்கையன் சங்கிலியை இழுத்துக்கொண்டே சொன்னான்.

"குறி போட்ட சுவரைத் தொடப்படாதுன்னுல்லா குறி போட்டது, அம்மா. ரோட்டுக்கு எதுத்த வீட்டை எடுக்கதாட்டுதான் இருந்துது. இப்பம் கல்லு கும்பிட வாற சனம் நிக்க எடம் வேணும்னு இங்கோட்டு, ஒங்க முன் ரூமுக்கு மாத்தியாச்சு."