பெருமாயி ஏன் சோகமாக இருக்கிறார்?

செம்மேடு, கொல்லிமலை
ஞாயிறு காலை

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மருமகன் தனபால் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், அத்தைக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கும் என்றும், வீட்டுக் கறவை மாடு வேளை தவறாமல் பால் கொடுத்துவரும் என்றும் நம்புகிறேன். நானும் நலம். மரியாதைக்கு எழுத வேண்டியது இத்துடன் முடிந்தது. இனி உண்மையை எழுதுகிறேன். என்னை எப்படியாவது இந்த மலையிலிருந்து கீழே இறக்கிவிடுங்கள். இராசிபுரம், சேந்தமங்கலம், பேளுக்குறிச்சி எங்கே என்றாலும் சரி, தரை சமமாக இருந்தால் போதும். தாங்கள் ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆன பிறகும் கல்வி அலுவலகத்தில் தங்களைக் கண்டால் எழுந்து நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம் என் பெயரைச் சொல்லுங்கள்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனில் சொன்னால் அத்தை ஸ்பீக்கரில் போடுவார்கள், அன்று மாலையே தங்கள் மகள் கவிதாவுக்குச் சேதி போய்விடும். "ஒரு பெட்டியைக்கூட ஒழுங்கா வெச்சுக்கத் தெரியாதா உங்களுக்கு" என்று அவள் கேட்பாள். ஆகவே கடிதம்.

எல்லாம் அந்தப் பெட்டியால் வந்தது, மாமா. தை மாதம் நாமக்கல்லில் ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். உலக வளர்ச்சியும் உலகக் குடிமக்களும் என்று தலைப்பு. சென்னையிலிருந்து ஒரு தொண்டு நிறுவனத்தைச் சேர்ந்த வித்யாஸ்ரீ என்ற பெண் வந்து நடத்தினார். நல்ல பெண், நம் வீட்டுப் பெண் யாழினியின் வயதுதான் இருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மின்விசிறிக்கு நேர் கீழே எனக்கு இடம் கிடைத்தது. நான் தூங்கவில்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் தலை மட்டும் ஆடிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்தப் பெண் எதைச் சொன்னாலும் நான் ஆமோதித்ததாக எடுத்துக்கொண்டு, மலைப்பகுதிக்கு முன்மாதிரி ஆசிரியர் என்று என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார். கைதட்டல் சத்தத்தில்தான் விழித்தேன். அடுத்த வாரமே குண்டூர் நாடு என்கிற மலை ஊர்த்தொகுதியில் உள்ள எங்கள் நடுநிலைப் பள்ளி வாசலில் ஒரு மினி லாரி வந்து ஒரு பெரிய பெட்டியை இறக்கியது. உள்ளே துணியில் அச்சிட்ட உலகப் படம், காற்றடைக்கும் பூமி உருண்டை, பிஸ்கட் டப்பா, படஅட்டைகள், தடிமனான கையேடு. தலைமையாசிரியர் ராசப்பன் பெட்டியைச் சுற்றி ஒரு முறை நடந்து பார்த்துவிட்டு, "உங்க பெட்டிங்க சார், நீங்களே பாத்துக்குங்க" என்று சொல்லிப் போய்விட்டார்.

முதல் பாடம் பிஸ்கட். துணி உலகப் படத்தைத் தரையில் விரித்து, வகுப்பைக் கண்டங்களாகப் பிரித்து உட்கார வைத்து, இரண்டு பிள்ளைகள் உள்ள பணக்காரக் கண்டத்துக்கு டப்பா நிறையவும் மற்றவர்களுக்கு ஆளுக்கு அரை பிஸ்கட்டும் கொடுக்க வேண்டும். பிள்ளைகளுக்கு நியாய உணர்வு பொங்கும் வரை ஆசிரியர் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும் என்று கையேடு சொல்கிறது. நானும் காத்திருந்தேன். அதற்குள் பணக்காரக் கண்டத்தில் இருந்த பிரேம் என்ற பையன் மொத்தத்தையும் தின்று முடித்து, ஏழைக் கண்டத்தின் மேல் வாந்தி எடுத்துவிட்டான். நியாய உணர்வு பொங்கியது மாமா, ஆனால் கையேடு சொன்ன மாதிரி இல்லை. துணி உலகப் படத்தை இரண்டு தடவை அலசியும் ஆப்பிரிக்காவின் பக்கம் இன்னும் வாடை போகவில்லை.

இதோடு விட்டிருக்கலாம். நான் இரண்டாவது பாடத்துக்குப் போனேன். ஒரு படஅட்டையைக் காட்டி, அதில் உள்ளவரைப் பற்றிப் பிள்ளைகளைப் பேச வைக்க வேண்டும். நான் எடுத்த அட்டையில் ஒரு பெண் தலையில் மரவள்ளிக்கிழங்குக் கூடையோடு மண்சுவர் ஓரமாக நிற்கிறார். 'வளரும் நாட்டில் ஒரு பெண்' என்று மேலே அச்சடித்திருந்தது. 'இவர் ஏன் சோகமாக இருக்கிறார்? இவரிடம் என்னென்ன இல்லை?' என்று கீழே கேள்வி. நான் அட்டையைத் தூக்கிப் பிடித்ததும் வகுப்பு முழுக்க ஒரே குரலில், "பெருமாயி அத்தைங்க சார்" என்றது. உற்றுப் பார்த்தேன். பெருமாயியேதான். பள்ளிக்கு மேலே, மேட்டில் மூன்றாவது வீடு. அவர் மகள் யமுனா முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள்.

அட்டையை அங்கேயே மடக்கி உள்ளே வைத்திருந்தால் நான் மனிதன். ஆனால் பிள்ளைகள் அதற்குள் கேள்விக்குப் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். யுவராஜ் என்ற பையன் எழுந்து, பைக் இல்லை என்றான். அந்தச் சுவர் ஓரமாக எப்போதும் நிற்கும் பைக்கைப் படத்தில் காணோம் என்பது அவன் கண்டுபிடிப்பு. இன்னொருத்தி செருப்பு இல்லை என்றாள். பிரேம், முந்தின பாடத்தின் அனுபவத்தில் எதையும் கற்றுக்கொள்ளாதவன், "ஒரு பல்லு இல்லீங்க சார்" என்றான். வகுப்பே சிரித்தது. எந்த விடையையும் மறுக்காமல் கரும்பலகையில் எழுத வேண்டும் என்று கையேட்டில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறதே, நானும் எழுதினேன். பைக், செருப்பு, பல். எழுதிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் யமுனா பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். மணி அடித்த பிறகும் அவள் நிமிரவில்லை. நான் கரும்பலகையையும் அழிக்கவில்லை.

மறுநாள் காலை வழிபாடு முடிவதற்குள் பெருமாயி வகுப்பறையில் நின்றுகொண்டிருந்தார். நான் உள்ளே போகும்போது அவர் கரும்பலகையை எழுத்துக் கூட்டி வாசித்து முடித்திருந்தார். கோபமாகக் கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன். அட்டையைக் கேட்டு வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, நிதானமாகப் பார்த்தார்.

"ஏனுங்க சார், நான் எப்பங்க சோகமா இருந்தேன்? கேமராக்காரர் வந்தப்ப நான் சிரிச்சுட்டுத்தானுங்க நின்னேன். சிரிக்காதீங்கக்கான்னு அவருதான் சொன்னாரு. பைக்க வேற தள்ளி நிறுத்தச் சொன்னாரு. பொழப்புக்கு வந்த புள்ளையாச்சேன்னு மூஞ்சிய இப்பிடி வெச்சேன்."

நான் என்னென்னவோ சொன்னேன். படம் அச்சடித்தவர் வேறு, கேள்வி எழுதியவர் வேறு, நான் வெறும் ஆசிரியர் என்றேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, இதே பாடத்தை இன்னொரு தடவை நடத்த வேண்டும், அன்றைக்கு நானும் வந்து உட்கார்ந்துகொள்வேன், அதுவரை யமுனா வரமாட்டாள் என்று சொல்லிப் போய்விட்டார். அந்த ஊரில் எல்லாரும் ஒருவருக்கொருவர் உறவு என்பது தங்களுக்குத் தெரியும். மறுநாள் யமுனா வரவில்லை. அதற்கு மறுநாள் அவள் சித்தப்பன் பிள்ளைகள், அப்புறம் மாமன் பிள்ளைகள். வாரக் கடைசியில் என் எதிரில் பிரேம் மட்டும் உட்கார்ந்திருந்தான். பிஸ்கட் மறுபடி வரும் என்ற நம்பிக்கை. ஏற்கெனவே பிள்ளைகள் குறைவு என்று பக்கத்துப் பள்ளியோடு சேர்க்கப் பார்க்கிற பள்ளிக்கூடம் இது. ராசப்பன் சாருக்கு இரத்த அழுத்தம் ஏறி விடுப்பில் போய்விட்டார். அன்றுதான் வித்யாஸ்ரீ போன் செய்து, வியாழக்கிழமை என் மாதிரி வகுப்பைப் பார்க்கக் கல்வி அதிகாரியோடு வருவதாகச் சொன்னார். அப்போதும் என் தலை ஆடியிருக்கும் போலிருக்கிறது, சரி என்று சொல்லிவிட்டேன்.

வேறு வழியில்லாமல் பெருமாயி வீட்டுக்கு ஏறினேன். அவர் வீட்டில் இல்லை. அவர் கணவர் சின்னுசாமி சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி, அதில் படர்ந்த கொடியிலிருந்து மிளகு பறித்துக்கொண்டிருந்தார். "வாங்க சார், ஏணியக் கொஞ்சம் புடிச்சுக்குங்க" என்றார். பிடித்துக்கொண்டேன். ஒரு மன்னிப்பை அண்ணாந்து பார்த்துக்கொண்டு கேட்பது எவ்வளவு சிரமம் என்று அன்றுதான் தெரிந்தது. கண்ணில் மிளகுத் தூசி வேறு. நான் பேசி முடிக்கும் வரை அவர் பறிப்பதை நிறுத்தவில்லை. பிறகு மரத்தின் மேலிருந்தே சொன்னார்:

"அன்னிக்கு யமுனா ஊட்டுக்கு வந்து, நாம ஏழையாம்மான்னு கேட்டா சார். அந்தக் கேள்வி அதுக்கு முன்ன எங்க ஊட்டுக்குள்ள வந்ததில்லீங்க."

அவர் இறங்கும் வரை ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இறங்கியதும் எனக்குப் பலாச்சுளை கொடுத்தார், அதுதான் இன்னும் தாங்க முடியாமல் இருந்தது. வியாழக்கிழமை எல்லாரும் வாருங்கள், பெருமாயியையும் அழைத்து வாருங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு வந்தேன். எப்படிச் சரியாகும் என்று எனக்கே தெரியாது. ஒரே ஒரு வழிதான் தோன்றியது. அந்த அட்டையை மட்டும் எடுத்து என் சாப்பாட்டுப் பையில் ஒளித்து வைத்தேன்.

வியாழக்கிழமை பிள்ளைகள் எல்லாரும் வந்துவிட்டார்கள். பெருமாயி பட்டுப்புடவை கட்டி, கனகாம்பரம் வைத்து, பின் பெஞ்சில் அமர்ந்திருந்தார். வித்யாஸ்ரீ பெட்டியைத் திறந்து அட்டைகளை எண்ணினார். ஒன்று குறைந்தது. அவரோ பரவாயில்லை என்று சிரித்துவிட்டு, தான் கொண்டுவந்த குழாயைப் பிரித்து ஒரு போஸ்டரை இழுத்தார். அதே படம், மாமா. கதவு அளவுக்கு. தனக்கு மிகவும் பிடித்த படம் என்றும், இந்த வகுப்பைத் தானே நடத்துவதாகவும் சொன்னார். மாட்ட ஆணி இல்லாததால் பின்னால் திரும்பி, "அக்கா, இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கிறீங்களா" என்று பெருமாயியைக் கூப்பிட்டார். பெருமாயி வந்து, தன் படத்தைத் தன் தாடை வரைக்கும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஜன்னல் வழியாகக் குதிக்க முடியுமா என்று பார்த்தேன். கம்பி போட்டிருந்தது.

இவர் ஏன் சோகமாக இருக்கிறார் என்று வித்யாஸ்ரீ கேட்டார். பிள்ளைகள் போஸ்டரைப் பார்த்தார்கள், அதற்கு மேலே இருந்த முகத்தைப் பார்த்தார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிரேம்கூட. அதிகாரி என்னை முறைத்தார். அப்போது யமுனா எழுந்தாள்.

"சோகமா இல்லீங்க மேடம். படம் புடிச்சவரு சிரிக்க விடலீங்க. அது எங்கம்மாதானுங்க."

வித்யாஸ்ரீ திரும்பிப் பார்த்தார். போஸ்டருக்கு மேலே பெருமாயி, அந்த ஒரு பல் இல்லாத இடம் நன்றாகத் தெரிய, வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார். அதிகாரி எதற்கோ தானும் சிரித்து, வேறு யாரும் சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்திக்கொண்டார். வித்யாஸ்ரீ போஸ்டரை மெதுவாக வாங்கிச் சுருட்டினார். பிள்ளைகளின் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார், கண் கலங்கியிருந்தது. பெருமாயி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "வளைவு வளைவா ஏறி வந்தது தலை சுத்துதுங்களா கண்ணு" என்று முதுகைத் தடவிவிட்டார். அந்தப் பெண் ஆமாம் என்று மட்டும் சொன்னார். மதியம் பெருமாயி வீட்டுக்குச் சாப்பிடப் போனார், மாலை வரை இறங்கி வரவில்லை.

இது நல்லபடியாக முடிந்தது போலத் தோன்றும். அதிகாரி என்னோடுதான் சாப்பிட்டார். நான் பையைத் திறந்ததும் தயிர்சாத டப்பாவோடு அந்த அட்டையும் ஒட்டிக்கொண்டு வெளியே வந்தது. கற்பித்தல் உபகரணத்தைச் சாப்பாட்டுப் பையில் மறைத்த காரணத்தை எழுத்தில் விளக்குமாறு மெமோ கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். மூன்று நாளாக எழுதிப் பார்க்கிறேன், முதல் வரியைத் தாண்டவில்லை. ஒரு குழந்தையின் வீட்டுக்குள் அந்தக் கேள்வியைக் கொண்டுபோய் விட்டவன் நான் என்பதை எந்த அலுவலக நடையில் எழுதுவது? என்னால் முடியாது, மாமா. என்னைக் கீழே இறக்கிவிடுங்கள்.

அத்தைக்கு என் வணக்கம். மலைக்காற்று தங்களிருவர் மேலும் வீசாமல், அதன் நன்மை மட்டும் வந்து சேர வேண்டுகிறேன்.

தங்கள் பணிவுள்ள மருமகன்,
தனபால்

பி.கு.: கவரை ஒட்டிய பிறகு பிரித்து இதை எழுதுகிறேன். தபால் பெட்டிக்குப் போகும் வழியில் சந்தைக்கு வந்த பெருமாயி என்னைப் பிடித்துக்கொண்டார். கையில் என்ன என்று கேட்டார், எனக்குப் பொய் வரவில்லை. மாறுதல் கேட்டு எழுதியிருப்பதாகச் சொன்னேன். மெமோவுக்கு ஊரே சேர்ந்து கையெழுத்துப் போட்டுப் பதில் கொடுக்கும் என்று சொல்லிவிட்டு, "நீங்க போயிட்டா அடுத்து வர்ற வாத்தியாரு எந்தப் பெட்டியத் தூக்கிட்டு வருவாரோ. உங்களுக்காச்சும் ஒளிச்சு வெக்கணும்னு தோணுச்சுங்களே" என்றார். என்னைப் பற்றி இத்தனை வருடச் சர்வீஸில் யாரும் இவ்வளவு நல்லதாகச் சொன்னதில்லை. ஆகவே மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். கிழித்தே போட்டிருப்பேன், ஆனால் இவ்வளவு எழுதியதை ஒருவராவது படிக்காமல் போனால் மனம் ஆறாது. போன வாரம் நான் போனில் ஜாடையாகச் சொன்னதை வைத்துத் தாங்கள் ஏற்கெனவே அலுவலகத்தில் பேசியிருந்தால், அது வேறு தனபால் என்று சொல்லிவிடுங்கள்.