ஐந்தாம் அறைச் சிலையின் மூக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். உங்கள் உதவி ஆசிரியரிடம் காட்டாதீர்கள், அச்சுப்பிழை பார்ப்பவரிடம் காட்டாதீர்கள், வீட்டில் உங்கள் மனைவியிடமும் காட்டாதீர்கள். அவர் நல்லவராகத்தான் இருப்பார். ஆனால் நல்லவர்களைத்தான் எல்லாரும் நிறுத்தி நிறுத்தி 'என்ன விஷயம்' என்று கேட்பார்கள். படித்ததும் கிழித்துவிடுங்கள். கிழித்ததை ஒரே குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். வணக்கம். வணக்கத்தை முதலில் எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும், பயம் முந்திக்கொண்டுவிட்டது. நீங்களும் உங்கள் குடும்பத்தாரும் பத்திரிகையும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நலம், உங்கள் அடுத்த இதழ் வரும்வரை.

நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். அம்மா ரொட்டிக்கடை அடுப்படியில் வேலை பார்ப்பவர், விடியுமுன்னே கிளம்ப வேண்டும் என்பதால் எங்கள் வீட்டில் விளக்கைச் சீக்கிரம் அணைத்துவிடுவார்கள். போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அது என் முழங்காலின் குற்றம்.

சென்ற இதழில் கலைக்கூடத்தின் இணையச் சுற்றுலாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். வீட்டிலிருந்தபடியே அறை அறையாக நுழைந்து, திரும்பித் திரும்பிப் பார்க்கலாம், பார்த்ததும் கீழே கருத்து எழுதலாம் என்று பாராட்டியிருந்தீர்கள். அதோடு விட்டிருக்கலாம். 'கண்காட்சியிலேயே உயிருள்ள படைப்பு, ஐந்தாம் அறையின் மூலையில் நாற்காலியில் உறங்கும் காவலர் சிலைதான். பார்வையாளர்கள் கொண்டாடும் இதைச் செய்த சிற்பி யார்? நேரில் சென்று விசாரித்து அடுத்த இதழில் சொல்வோம்' என்று முடித்துவிட்டீர்கள். ஐயா, விசாரிக்காதீர்கள். அது சிலை இல்லை. அது எங்கள் அப்பா.

நடந்தது இதுதான். படம் எடுக்க ஆட்கள் வந்தது கலைக்கூடத்துக்கு விடுமுறை நாளில். சாவிக்கொத்தோடு அப்பா மட்டும் காவல். அந்தக் கேமரா தானே சுற்றிச் சுற்றி எல்லாப் பக்கமும் எடுக்குமாம், அதனால் எடுப்பவரும் அதை வைத்துவிட்டு அறைக்கு வெளியே போய்விடுவாராம். அப்பாவிடம் "நீங்க ஓரமா எங்கயாவது உக்காருங்க சார்" என்று சொல்லியிருக்கிறார்கள். அப்பா சொன்ன பேச்சைக் கேட்பவர். ஐந்தாம் அறையின் மூலையில் ஒரு வெள்ளைத் தூணுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு ஓரமாக உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் தூங்கிவிட்டார். அவர் தலைக்கு மேலே சுவரில் 'காத்திருப்பு' என்று ஒரு பெயரட்டை. அது உண்மையில் பக்கத்தில் சொட்டுகிற குழாய்க்குக் கீழே வைத்திருக்கும் மூன்று சிவப்பு வாளிகளின் பெயர். ஆனால் இணையத்தில் பார்த்தால் அட்டை அப்பாவுக்கு மாட்டியதுபோலவே இருக்கிறது. வாளிகளை யாரும் கண்டுகொள்ளவில்லை. வாளி வைத்த கலைஞர் மட்டும், பாராட்டெல்லாம் தனக்கென்று நினைத்துக்கொண்டு, 'உங்கள் ரசனைக்கு நன்றி, இரண்டு வருட உழைப்பு' என்று கருத்துப் பெட்டியில் கும்பிட்டிருக்கிறார்.

அப்பா தூங்கியதற்கு நான்தான் காரணம். மறுநாள் பள்ளிப் போட்டிக்கு ஓர் எரிமலை மாதிரி செய்து கொண்டுபோக வேண்டும் என்பதை நான் முந்தின இரவு சாப்பிட்டுக் கைகழுவும்போதுதான் சொன்னேன். அம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். "பொண்ணு இப்ப சொல்லுவா, அப்பன் விடிய விடிய மலை கட்டுவாரு. நல்ல குடும்பம்!" அப்பா பழைய செய்தித்தாளைக் கிழித்துப் பசையில் நனைத்து, ஒட்டி, ஊதி, காயவைத்து, விடியும்போது எரிமலைக்கு வாய் திறந்தார். எனக்கு முதல் பரிசு. அவருக்கு இந்த நாற்காலி.

அவருடைய வேலையைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. காவலர்கள் உடை மாற்றும் அறையில் 'பணி நேரத்தில் உறங்குவோர் உடனடியாக நீக்கப்படுவர்' என்று சிவப்பில் எழுதியிருக்கிறது. கொட்டாவி விட்டதற்கே ஒருவரை வாகன நிறுத்தத்துக்கு மாற்றினார்களாம். அப்பா எங்களிடம் எத்தனையோ முறை நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருக்கிறார்: "நான் சேந்ததுலேருந்து ஒரு நிமிஷம் கண்ணசந்தேன்னு எவனாவது சொல்லட்டும் பாப்போம்!" ஊரே சொல்லிக்கொண்டிருக்கிறது, ஐயா. அதுவும் பாராட்டிச் சொல்கிறது.

எனக்கு விஷயம் தெரிந்தது வகுப்பில். ஓவிய ஆசிரியை பெரிய திரையில் இணையச் சுற்றுலாவைப் போட்டு, ஒவ்வொரு அறையாக நுழைந்து, ஐந்தாம் அறையில் நின்று, அப்பாவைப் பெரிதாக்கினார். அப்பாவின் முகம் கரும்பலகை அளவுக்கு வந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. வகுப்பு முழுக்க "ஆ!" என்றது. நான் மட்டும் மேசைக்கடியில் பேனா தேடினேன்.

"காலைக் கவனிங்க. ஒரு காலுறை கருப்பு, ஒண்ணு நீலம். கலைஞர் ஏன் இப்படிப் பண்ணியிருக்கார்? நீ சொல்லும்மா" என்று என்னைத்தான் எழுப்பினார். நீலத்தின் ஜோடி எங்கள் வீட்டுக் கொடியில் ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது என்று எப்படிச் சொல்வேன்? "தெரியல மிஸ்" என்றேன். "மனசுக்குள்ள இருக்கிற பிளவு" என்று அவரே சொல்லி, எல்லாரையும் எழுதிக்கொள்ளச் சொன்னார். நானும் எழுதிக்கொண்டேன். பரீட்சைக்கு வருமாம். என் பக்கத்தில் உட்காரும் தோழியை நாங்கள் 'ஒலிபெருக்கி' என்று கூப்பிடுவோம். அவள் கண்ணைச் சுருக்கி, "ஏய், இந்த ஆளை நம்ம பெற்றோர் கூட்டத்துல பாத்த மாதிரி இல்ல?" என்றாள். "அங்க பாத்தவரு ரொம்ப குட்டைடி" என்று சொல்லிச் சமாளித்தேன். எங்கள் அப்பா குட்டையில்லை. அதையும் நீங்கள் மன்னிக்க வேண்டும்.

அன்று வீட்டுக்கு வந்து அம்மாவின் கைபேசியில் கருத்துகளை எல்லாம் படித்தேன். ஓய்வுபெற்ற மருத்துவர் ஒருவர் 'கழுத்து சாய்ந்திருக்கும் கோணத்தில் உழைக்கும் வர்க்கத்தின் முழு வரலாறும் தெரிகிறது' என்று எழுதியிருக்கிறார். அப்பாவுக்கு அந்த வாரம் கழுத்தில் கொப்புளம். ஒருவர், விரல் நுனிகளில் வெள்ளையாக ஒட்டியிருப்பது சிற்பி வேண்டுமென்றே துடைக்காமல் விட்ட சுண்ணாம்பு, 'படைத்தவனின் கையொப்பம்' என்கிறார். பெரிதாக்கிப் பார்த்தேன். அது என் எரிமலையின் பசை. கையைக்கூடக் கழுவாமல் வேலைக்கு ஓடியிருக்கிறார். பார்வையாளர்கள் ஓட்டுப் போடும் விருப்பப் பட்டியலில் அப்பா முதலிடத்துக்கு வந்துவிட்டார். முதலிடம் என்றால் கலைக்கூடத்தின் இயக்குநர் பார்ப்பார், இயக்குநர் பார்த்தால் அப்பாவை அடையாளம் தெரிந்துவிடும். எப்படியாவது கீழே இறக்க வேண்டும் என்று, 'நேர்மையான ரசிகன்' என்ற பெயரில் ஒரு கணக்குத் தொடங்கி எழுதினேன்: 'இந்தச் சிலை தேறாது. உருளைக்கிழங்கை ஒட்டவைத்த மாதிரி மூக்கு. மனிதர்களுக்கு இப்படி மூக்கு இருக்காது.'

ஐயா, தேன்கூட்டில் கல்லெறிந்தவள் ஆனேன். 'மூக்கைப் பற்றிப் பேச நீ யார்?' என்று ஒருவர். 'முதலில் உன் மூக்கைப் படம் எடுத்துப் போடு' என்று இன்னொருவர். இதே மூக்குத்தான் என் முகத்திலும் இருக்கிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? உறங்கும் மனிதனின் மூக்கு ஏன் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று மருத்துவர் ஒரு பக்கம் எழுதினார். எங்கள் அப்பாவின் மூக்குக்காக முன்பின் தெரியாதவர்கள் இரவெல்லாம் சண்டை போட்டார்கள். விடிந்து பார்த்தால் ஓட்டு இரண்டு மடங்கு.

அதில் ஓர் அம்மா மட்டும் யாரோடும் சண்டை போடவில்லை. 'என் கணவர் வேலை முடிந்து வந்தால் இப்படித்தான் நாற்காலியிலேயே தூங்கிப்போவார். அவர் போய்விட்டார். தினமும் ஐந்தாம் அறையைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். கூப்பிட்டால் எழுந்துவிடுவார் போல இருக்கிறது. அதனால் கூப்பிடுவதில்லை' என்று எழுதியிருந்தார். அன்று அப்பா வேலை முடிந்து வந்து ஷூவைக் கழற்றாமலே உட்கார்ந்தபோது நானும் எதிரில் உட்கார்ந்து பார்த்தேன். "என்னம்மா, அடுத்து என்ன மலை கட்டணும்?" என்று கேட்டார். நான் ஒன்றும் இல்லை என்று உள்ளே போய்விட்டேன்.

ஆகையால் ஐயா, உங்கள் நிருபரை அனுப்பாதீர்கள். சிற்பி வெளிநாடு போய்விட்டார் என்று போடுங்கள். இறந்துவிட்டார் என்றுகூடப் போடுங்கள், பிறக்காதவருக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. இயக்குநர் உங்கள் பத்திரிகையைத் தவிர வேறு எதையும் படிப்பதில்லை என்று அப்பா சொல்லியிருக்கிறார். நீங்கள் எழுதிவிட்டால் அப்பாவுக்கு வேலை போய்விடும். வேலையைவிட, ஒரு நிமிஷம் கண்ணசந்ததில்லை என்று இனி அவர் சொல்ல முடியாது. உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், ஐந்தாம் அறையைப் பற்றி ஒரு வரிகூட

கதவைத் தட்டுகிறார்கள்

பின்குறிப்பு: ஐயா, மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். தட்டியது அப்பா. கக்கத்தில் தலையணை.

"வெளிச்சம் தெரிஞ்சுது. உனக்கும் தூக்கம் வரலையா?" என்றார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, ரொம்ப நேரம் தலையணையைத் தட்டிக்கொண்டிருந்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். 'சிலை எங்கே, சிலை எங்கே' என்று கேட்டு ஆட்கள் கலைக்கூடத்துக்கு நேரிலேயே வரத் தொடங்கிவிட்டார்களாம். போன வாரம் இயக்குநர் அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறார். தொலைந்தோம் என்று சாவிக்கொத்தை மேசைமேல் வைத்திருக்கிறார் அப்பா. இயக்குநர் அவரை இரண்டு முறை சுற்றிவந்து பார்த்துவிட்டு, "போய் உக்காருங்க" என்று மட்டும் சொன்னாராம். இப்போது தினமும் காலையில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து தூங்குவதுதான் அவருக்கு வேலை. கண்காட்சியின் கடைசி நாளில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று வணக்கம் சொல்ல வேண்டுமாம். அதுவரை வெளியே சொல்லக் கூடாதாம். அம்மாவிடம் சொல்ல வெட்கமாக இருந்ததாம்.

"தூங்கக் கூடாதுன்னு சொன்னப்ப கண்ணைச் சொக்கிக்கிட்டு வந்துச்சு. தூங்குன்னு சொன்னதும் ஒரு பொட்டுத் தூக்கம் வரமாட்டேங்குதும்மா. கண்ணை மூடிட்டுச் சும்மா கிடக்கேன். நேத்து ஒரு பொடிசு கிட்ட வந்து, 'அம்மா, பொம்மை மூச்சு விடுது'ன்னு கத்துது. அந்தம்மா, 'பேசாம வா, அது கலை'ங்குது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியல." அதனால் இரவில் தூங்கிப் பழகிப் பார்க்கிறாராம். அதுவும் வரவில்லை. என் வரலாற்றுப் புத்தகத்தைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். இரண்டாம் பக்கத்தில் வாய் லேசாகத் திறந்தது. இதோ, என் நாற்காலியில்தான் இருக்கிறார். இந்தப் பின்குறிப்பை அவருக்கு எதிரில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

ஆகவே நீங்கள் தாராளமாக எழுதலாம். சிற்பி யார் என்பதை மட்டும் கடைசி நாள்வரை விட்டுவிடுங்கள். அந்த நாளுக்கு, கணவரை நினைத்து எழுதிய அந்த அம்மாவை உங்கள் பத்திரிகை மூலமாக அழைக்க முடியுமா? அவரைப் பற்றி அப்பாவிடம் சொன்னேன். "அந்தம்மா வந்து கூப்பிட்டா, இயக்குநர் சொல்ற வரைக்கும் காத்திருக்க மாட்டேன். எந்திரிச்சிடுவேன்" என்றார்.

தூங்குவதற்கு முன் இன்னொன்றும் சொன்னார். என் சிறிய கண்ணாடியை எடுத்து, அப்படியும் இப்படியும் திரும்பிப் பார்த்துவிட்டு, "எல்லாரும் நல்லாத்தான் எழுதுறாங்க. நேர்மையான ரசிகன்னு ஒருத்தன் மட்டும்... என் மூக்கு அவனுக்கு என்னம்மா பண்ணுச்சு? உருளைக்கிழங்காமே! நீதான் நல்லா எழுதுவியே, அந்தப் பத்திரிகைக்கு ஒரு கடுதாசி போடு. அவன் யாருன்னு கண்டுபிடிச்சு நாலு வார்த்தை நறுக்குன்னு கேக்கச் சொல்லு" என்றார். சரிப்பா என்றேன். அவர் சொன்னபடி எழுதிவிட்டேன். ஐயா, தயவுசெய்து கண்டுபிடிக்காதீர்கள்.

உங்கள் மனைவிக்கும், பத்திரிகையில் உழைக்கும் எல்லாருக்கும் என் பணிவான வணக்கங்கள். இந்தக் கடிதத்தில் எல்லாம் மாறிவிட்டது. யாரிடமும் காட்டாதீர்கள் என்ற முதல் வரி மட்டும் அப்படியே இருக்கட்டும்.

இப்படிக்கு,
அதே மூக்குள்ள மகள்