ஐனாரின் துப்பாக்கி சிக்காது

மூன்றாவது தோட்டாவும் உள்ளே போகாமல் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது.

ஐனார் லோக்கன் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கித் திறப்பை எட்டிப் பார்த்தார். கட்டைவிரல் தடிமனில் ஈயத்தலைத் தோட்டா. தோட்டாவை ஏற்றும் லீவரை மேலே தள்ளினால் மூடவில்லை, கீழே இழுத்தால் திறக்கவில்லை.

சமையலறை ஜன்னல் திறந்தது. "வெடிச் சத்தமே கேக்கலையே! கரடிகிட்ட பேச்சுவார்த்தை நடத்துறியா?" என்றாள் அவர் மனைவி பெர்னிஸ்.

"தோட்டா புதுசு. பழகணும்."

"தோட்டா பழகுறதுக்குள்ள கரடி சாப்பிட்டுட்டுப் போயிடும்."

ஐனார் தோட்டாவை நகத்தால் நெம்பினார். ஆற்றில் சால்மன் மீன் எண்ணுகிற முகாமுக்கு ஒவ்வொரு கோடையும் கரடிக் காவலுக்குப் போகிறவர் அவர். அந்தக் கரையில் பழுப்புக் கரடிகள் கோழிகளைப்போலத் திரியும். இத்தனை வருஷத்தில் முகாமில் ஒருவருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. அந்தப் பெருமையில் அவர் காப்பிக் கடையில் எல்லார் முன்னாலும் சொல்லிவைத்திருந்தார்: "லீவர் துப்பாக்கி சிக்குதுன்னு எவனாவது சொன்னா, கோளாறு அவன் கையில. என்னோடது சிக்காது."

அதைக் கேட்டுச் சிரித்தவன் ரஸ் கெய்கர். லீவர் இல்லாமல், தாழ்ப்பாள்போல இழுத்துத் தள்ளி ஏற்றும் போல்ட் துப்பாக்கிக்காரன். இந்த வருஷம் அதே காவல் வேலைக்கு அவனும் மனு போட்டிருந்தான். சனிக்கிழமை சுடும் தேர்வு. தேறுகிறவருக்கு முகாம், தேறாதவருக்கு மீன் டப்பா தொழிற்சாலையில் தலை வெட்டும் வேலை.

ரஸ்ஸின் சிரிப்பு தாங்காமல்தான் ஐனார் துப்பாக்கிக் கடையில் இருந்ததிலேயே கனமான தோட்டாக்களை வாங்கினார். முனை வாணலியின் அடிபோலத் தட்டை. எதன்மேல் பட்டாலும் அது அங்கேயே உட்காரும் என்றார் கடைக்காரர். அவர் சொன்னது உண்மைதான். அது துப்பாக்கிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது.

"முனை ரொம்பத் தட்டை. தோட்டா போய் உக்கார்ற அறையோட விளிம்புல இடிக்குது. அவ்வளவுதான் விஷயம்," என்று ஐனார் அரத்தை எடுத்தார். மத்தியானம் முழுக்க உட்கார்ந்து ஒரு பெட்டியில் இருந்த ஒவ்வொரு ஈயத்தலையையும் ராவினார். ராவ ராவ அழகாக வந்தது. அழகு கூடக் கூட இன்னும் கொஞ்சம் ராவினார். கடைசியில் எல்லாம் பென்சில் மாதிரி கூராகிவிட்டன.

பெர்னிஸ் ஒன்றை எடுத்துப் பார்த்தாள். ஊர்ப் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறவள் அவள். குளிர்காலத்துக்கு வேண்டிய மான் கறியை வருஷாவருஷம் தானே சுட்டுக் கொண்டுவருகிறவள்.

"உன் துப்பாக்கியில தோட்டா எப்படி நிக்கும்?"

"குழாய்க்குள்ள, வரிசையா. ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு."

"அப்போ இந்தக் கூரு எங்க போய் முட்டும்?"

ஐனார் யோசித்தார். முன்னால் நிற்கும் தோட்டாவின் பின்புறத்தில், அடி பட்டால் வெடிக்கிற அந்தச் சின்ன வட்டத்தில் முட்டும். முதல் குண்டு போகிற அதிர்ச்சியில் குழாய்க்குள் இருக்கிற மற்றதெல்லாம் வெடிக்கலாம். குழாய்க்கு அடியில்தான் அவருடைய இடது கை இருக்கும்.

"கரடிக்கு வேலை மிச்சம்," என்றாள் பெர்னிஸ்.

ராவியதையெல்லாம் தனியே பூட்டி வைத்துவிட்டார். ராவாத இன்னொரு பெட்டி பாக்கி இருந்தது. இடிக்கிறது என்றால் வழுக்க வைக்க வேண்டியதுதான். காலையில் வாணலியில் மிஞ்சிய பன்றிக் கொழுப்பை எடுத்து ஒவ்வொரு தோட்டாவுக்கும் பூசினார்.

வழுக்கியது. நன்றாகவே வழுக்கியது. ஒன்று வரவேண்டிய இடத்தில் இரண்டு வந்தன. இரண்டாவது, தோட்டாவைத் தூக்கிக் கொடுக்கும் தகட்டுக்கு அடியில் புகுந்துகொண்டது. துப்பாக்கி இரும்புத் தடி ஆனது. திருப்புளி வைத்து லீவரைக் கழற்றித்தான் அதை வெளியே எடுக்க முடிந்தது. அன்றிலிருந்து வீட்டு நாய் அவரைவிட்டு நகரவில்லை. அவர் குறி பார்க்க முட்டி போட்டால் அது துப்பாக்கியை நக்கியது.

அந்த வாரம் ஐனார் சிக்கெடுப்பதையே வேலையாக வைத்திருந்தார். சிக்கும், லீவரை முழுக்க இறக்குவார், துப்பாக்கியைச் சாய்ப்பார், விரலால் நெம்பி எறிவார், மறுபடி லீவர். விரல் நகமெல்லாம் கறுத்துப்போனது. சாப்பாட்டு மேஜையில் முள்கரண்டியைக்கூட அப்படித்தான் பிடித்தார்.

வெள்ளிக்கிழமை பெர்னிஸ் ஒரு பெட்டியை மேஜைமேல் வைத்தாள். சாதாரணத் தோட்டா, நீளம் குறைவு, முனையில் லேசான தட்டை.

"இது கரடியைக் கிச்சுகிச்சு மூட்டும்," என்றார் ஐனார்.

"உள்ள போற தோட்டா சுடும். போகாத தோட்டா எவ்வளவு கனமா இருந்து என்ன? அப்புறம் அந்த லீவரை அடிச்சு இழு. தூங்குற குழந்தை ரூம் கதவைத் திறக்கிற மாதிரி திறக்காத."

அடித்து இழுத்தார். குழாயில் இருந்ததெல்லாம் ஒன்றுவிடாமல் போயிற்று. இன்னொரு தடவை நிரப்பினார், அதுவும் போயிற்று. ஐனார் துப்பாக்கியை அணைத்துக்கொண்டார். "நான் சொல்லல? சிக்காது!" பெர்னிஸ் அடுப்பைப் பார்க்கப் போனாள்.

சனிக்கிழமை மைதானத்தில் பாதி ஊர் கூடியிருந்தது. சக்கரப் பலகையில் நிறுத்திய மரக் கரடியை ஒரு வண்டி கயிறு கட்டிச் சுடுகிறவரை நோக்கி இழுக்கும். அது வந்து சேர்வதற்குள் நெஞ்சில் மூன்று குண்டு பதிய வேண்டும். தேர்வு நடத்துபவர் டெல்மா கார்வி என்ற அம்மாள். மறைப்புக்குப் பின்னால் ஒவ்வொருவர் துப்பாக்கியிலும் அவரவர் தோட்டாவைப் போட்டுக் கொடுப்பவன் லைல். அதிகம் பேசாத நடுவயதுக்காரன், வாயில் எப்போதும் ஒரு குச்சி.

ரஸ் முதலில் நின்றான். ஒரு குண்டு சரியாகப் போனது. அடுத்தது 'கிளிக்' என்றது. ரஸ் துப்பாக்கியைப் பார்த்தான். துப்பாக்கி பேசும் என்று எதிர்பார்த்தவன் மாதிரி பார்த்துக்கொண்டே நின்றான். மரக் கரடி வந்து அவன் முட்டியில் மோதியது. அவனுக்குப் பிறகு வந்த இரண்டு பேருக்கும் அதே 'கிளிக்', அதே விழிப்பு.

ஐனார் முறை. கரடி கிளம்பியது. முதல் குண்டு நெஞ்சில். லீவரை அடித்து இழுத்தார். பாதியில் நின்றது.

கூட்டத்தில் யாரோ "ஐயோ" என்றார்கள். ஐனாருக்கு யோசிக்க நேரமில்லை. கைக்கு யோசனை தேவைப்படவும் இல்லை. லீவர் இறங்கியது, துப்பாக்கி சாய்ந்தது, கறுத்த விரல் நெம்பியது, ஏதோ ஒன்று பறந்து சேற்றில் விழுந்தது. லீவர், வெடி. லீவர், வெடி. கரடி அவர் பூட்ஸுக்கு முன்னால் வந்து நின்றபோது அதன் நெஞ்சில் மூன்று ஓட்டை.

மைதானம் விசிலடித்தது. பெர்னிஸ் பேருந்து ஹாரனை அழுத்தினாள்.

டெல்மா கார்வி கையை உயர்த்தினார். "இப்போ சொல்லலாம். துப்பாக்கி சதி பண்ணினா ஆள் என்ன பண்றாருன்னு பாக்கணும்னு, நடுவுல வெடிக்காத போலித் தோட்டா ஒண்ணு போடச் சொல்லியிருந்தேன். சமாளிச்சது ஐனார் ஒருத்தர்தான். முகாமுக்கு அவர்தான் போறார்."

ஐனாரின் நெஞ்சு சட்டைப் பொத்தானை மீறியது. காப்பிக் கோப்பையோடு நடுவில் வந்து நின்றார்.

"கேட்டுக்கோ ரஸ்! ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. போலியாம்ல! போலியைக் கொடுத்தாக்கூட துப்புற துப்பாக்கிய்யா இது. நல்ல தோட்டாவுல ஒரு நாளும் சிக்காது. இனிமே யாராவது வாயைத் திறப்பீங்களா?"

ரஸ் தலையைக் குனிந்துகொண்டான். எல்லாரும் கை தட்டினார்கள். சேற்றில் காலித் தோட்டாக்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த லைல் நிமிர்ந்து, வாயிலிருந்த குச்சியை எடுத்தான்.

"உன்னோடதுல நான் போலி எதுவும் போடலையேப்பா, ஐனார். அந்தத் தடி சைஸுக்கு எங்க பெட்டியில போலியே கிடையாது."